பவளக்கல்லில் ஓர் அம்புக்குறி

கைப்பேசியில் ‘எஸ்தர் மேடம்’ என்று பெயர் வந்தது. சேலையூர் கேம்ப் ரோட்டில் பள்ளிக்கூடம் விடும் நேரம். வண்டியைப் பஸ் நிறுத்தத்தில் ஓரங்கட்டிவிட்டு எடுத்தேன். எதிர்முனையில் யாரும் பேசுவதற்கு முன்பே, “வர்றேன் மேடம், இந்த சனிக்கிழமை கண்டிப்பா வந்துடறேன்” என்று சொல்லிவிட்டேன். நான்கு வாரமாக அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். “சார், நான் தேவசகாயம் பேசறேன்” என்று அவருடைய கணவரின் குரல் கேட்டது. மதியம் உயிர் பிரிந்துவிட்டது என்றும் மறுநாள் காலை அடக்கம் என்றும் சொன்னார். எனக்குப் பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அதற்கு வழிவிடக்கூடத் தோன்றாமல் நின்றேன்.

இதைப் படிக்கும் உங்களில், அடக்கத்துக்கு வந்திருந்தவர்கள் பெரும்பாலோர் கல்லூரியில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கும் வந்திருந்தீர்கள். மேடையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். கடுமையான உழைப்பாளி, எளிமையானவர், பழகுவதற்கு இனியவர் என்று இரங்கல் கூட்டங்களில் யாரைப் பற்றியும் சொல்லக்கூடியதை நானும் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அடுத்துப் பேசிய ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், அந்தப் பழைய பவளக் கட்டுரையைப் பற்றி எடுத்தார். எஸ்தர் மேடம் தன் வாழ்நாளில் செய்த ஒரே பிழை அது என்றும், அதைத் தானே உலகுக்கு எழுதி ஒப்புக்கொண்ட நேர்மையை இன்றைய தலைமுறை கற்க வேண்டும் என்றும் சொன்னார். கூட்டம் தலையாட்டியது. மேடையில் இருந்த நானும் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அந்தப் பிழை எஸ்தருடையது அல்ல. என்னுடையது. இதை எழுத எனக்குப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. எழுதிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன்.

எஸ்தர் பீர்க்கன்கரணை ஏரியை ஒட்டிய வீட்டில் பிறந்து அதே வீட்டில் இறந்தவர். நிலவியல் துறையில் அவருடைய மேசையும் என்னுடைய மேசையும் பத்தொன்பது ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. கடைசி வரைக்கும் நான் அவரை மேடம் என்றேன், அவர் என்னை சார் என்றார். அவருக்குச் சுண்ணாம்புக்கல்லும் பவளப் பாறையும்தான் உலகம். மற்ற பாறைகளை அவர் மதிக்கவில்லை என்று சொல்ல முடியாது, ஆனால் கருங்கல் ஆராய்ச்சி செய்த எங்களைக் கொஞ்சம் பரிதாபத்தோடு பார்ப்பார். “உங்க கல்லு ரொம்ப பெரிய மனுஷன் சார். நம்ம கிட்ட பேசாது” என்பார். நான் என் கல்லை விட்டுவிட்டு அவரோடு சேர்ந்துகொண்டதற்கு அந்தக் கிண்டலும் ஒரு காரணம்.

அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று துறைக்கு வெளியே உள்ளவர்கள் கேட்டால், அவர் கோவளத்தில் செய்ததைத்தான் நான் சொல்வேன். ஒருமுறை அந்தக் கடற்கரையின் மணலைப் பார்த்துவிட்டு நாங்கள் திரும்பும்போது, மீன் விற்கும் இடத்தில் நின்று ஒரு பெரிய பன்னா மீனைக் காட்டி, அதன் தலை மட்டும் வேண்டும் என்று கேட்டார். விற்ற அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னாம்மா, மீன வுட்டுட்டு மண்டைய கேக்குற?”

“மண்டையிலதான் கல்லு கீது. அதான் எனக்கு ஓணும்” என்றார் எஸ்தர்.

வகுப்பில் அளந்து பேசுகிற மேடத்துக்கு இப்படியும் ஒரு தமிழ் இருந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த அம்மாவே தலையைப் பிளந்து, காதுப் பக்கத்திலிருந்து வெள்ளையாக இரண்டு சிறு கற்களை எடுத்துக் கொடுத்தார். எஸ்தர் அதை உள்ளங்கையில் வைத்து உருட்டிக் காட்டினார். இதுவும் சுண்ணாம்புதான், சங்கும் சிப்பியும் பவளமும் சுண்ணாம்புதான், கடலில் கூடு கட்டுகிற எதுவும் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத்தான் கட்டுகிறது, கட்டும்போது தண்ணீர் சூடாக இருந்ததா குளிர்ந்திருந்ததா என்பது அதில் பதிந்துவிடுகிறது என்று அந்த அம்மாவுக்கு விளக்கினார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, மீதி மீனை என்ன செய்வது என்று கேட்டார். மீதி மீன் அன்று எங்கள் வீட்டுக்கு வந்தது.

கடலில் பவளம் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு விரல் நகத்தின் அகலம் வளர்கிறது. மரத்தில் இருப்பதுபோல அதிலும் ஆண்டுக்கு ஒரு வரி உண்டு. ஆக்சிஜனில் எடை கூடியது, குறைந்தது என்று வகைகள் இருக்கின்றன. தண்ணீர் சூடாக ஆக, பவளக் கூட்டில் எடை கூடிய ஆக்சிஜன் குறைகிறது. வரிவரியாகச் சுரண்டி எடுத்து அதை அளந்தால், எழுத்தே இல்லாத காலத்தில் கடல் எப்படி இருந்தது என்று சொல்லலாம். மழைநீர் கலந்திருந்தாலும் அளவு மாறிவிடும் என்பதால் எது மழை, எது வெயில் என்று பிரித்தறிவதில்தான் எங்கள் இருவருக்கும் முடி நரைத்தது. ஆனால் இதெல்லாம் ஒரு சின்ன விஷயத்தை நம்பி நிற்கிறது. கல்லில் எது மேல், எது கீழ் என்று தெரிந்திருக்க வேண்டும். மேல்தான் பிந்திய காலம், கீழ்தான் முந்தியது. துளையிட்டு எடுத்த கல் முழம் முழமாக உடைந்து வரும். ஒவ்வொரு துண்டிலும் மேல்பக்கத்தைக் காட்டி ஓர் அம்பு போட வேண்டும். எங்கள் தொழிலில் மிகச் சுலபமான வேலை அதுதான்.

ராமேசுவரத்துப் பக்கம், கடல் பின்வாங்கியதால் கரையில் ஏறி நிற்கும் பழைய பவளப் பாறை ஒன்றில் நாங்கள் துளையிட்டோம். எஸ்தர் துளைக்கும் கருவியைப் பிடித்திருந்தார். வெளியே வரும் துண்டுகளை வாங்கி அம்பு போட்டுச் சுற்றி வைப்பது என் பொறுப்பு. துளையிடும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதால் துண்டு நனைந்துதான் வரும். ஈரக்கல்லில் பென்சில் பிடிக்காது. “காயற வரைக்கும் கையை விட்டு இறக்காதீங்க சார்” என்பது எஸ்தரின் சட்டம். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். ஆனால் அன்று மாலை ரயிலைப் பிடித்தே ஆக வேண்டும். மறுநாள் காலை சேலையூரில் என் மகளுக்கு எல்.கே.ஜி. சேர்க்கை நேர்காணல், அப்பா அம்மா இருவரும் வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வெயில் இறங்க இறங்க எனக்கு அவசரம் ஏறியது. ஒரு யோசனை செய்தேன். துண்டைக் காயவைக்காமல், பழைய செய்தித்தாளில் எழுத்து நேராகத் தெரியும்படி சுற்றினால், எழுத்தின் மேல்பக்கமே கல்லின் மேல்பக்கம். அம்பைக் கல்லூரிக்கு வந்து சாவகாசமாகப் போட்டுக்கொள்ளலாம். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். மகளுக்குப் பள்ளியில் இடம் கிடைத்தது.

அடுத்த வாரம் ஒவ்வொரு பொட்டலமாகப் பிரித்து, செய்தித்தாள் சொன்னபடி அம்பு போட்டேன். எப்படிச் சுற்றினேன் என்று எஸ்தர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் அம்பை நம்பி அவர் கல்லை நீளவாக்கில் அறுத்தார்.

அறுத்த பலகைகளை எக்ஸ்ரே எடுத்தால்தான் ஆண்டு வரிகள் தெளிவாகத் தெரியும். அதற்கு மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போனோம். வரவேற்பில் இருந்த பெண், பேஷண்ட் எங்கே என்று கேட்டார். எஸ்தர் துணிப்பையைத் தூக்கி மேசைமேல் வைத்தார். பெயர் பவளம் என்று போட்டுக்கொள்ளச் சொன்னார். வயது என்ன போடுவது என்று கேட்டதற்கு, “ஆயிரக்கணக்குல இருக்கும்மா. உங்க கட்டத்துல இடம் இருக்கா பாரு” என்றார். இடம் இல்லை. எங்கள் பவளம் அங்கே ஐம்பது வயதுப் பெண்மணியாகப் பதிவாயிற்று. எலும்பு முறிவுக்குப் படம் எடுக்கக் காத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். எஸ்தர் மட்டும் சிரிக்காமல் வரிசையில் உட்கார்ந்து முறை வந்தபோது எழுந்து போனார்.

அளவுகள் வந்தபோது எங்களுக்குத் தூக்கம் போய்விட்டது. கடல் நிதானமாக இருந்து, ஓரிடத்தில் திடீரென்று குதித்து, பிறகு சில பத்தாண்டுகளில் விடாமல் சூடாகிக்கொண்டே போனதாக அந்தக் கல் சொன்னது. எழுதினோம். பேர்போன பத்திரிகை ஒன்று வெளியிட்டது. வெளிநாட்டிலிருந்து கடிதங்கள் வந்தன. அந்தக் கட்டுரையைக் காட்டி நான் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தேன், எஸ்தர் புதிய ஆய்வுத் திட்டம் ஒன்றுக்கு விண்ணப்பித்தார்.

ஒரு நாள் அவர் அந்த எக்ஸ்ரே படங்களை வகுப்புக்கு எடுத்துப் போனார். பவளம் வளரும்போது அதற்குள் இருக்கும் ஒரு நுண்ணிய குழாய் இரண்டாகப் பிரியும், அந்த இரண்டும் மறுபடி பிரியும், ஆகவே மேலே போகப் போக விசிறிபோல விரியும். அதை மாணவர்களுக்குக் காட்ட ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படத்தைத் தூக்கிப் பிடித்தார். அந்தத் துண்டில் குழாய்கள் மேலே போகப் போக ஒன்றாகச் சேர்ந்தன. அப்படி எந்தப் பவளமும் வளராது. அன்று வகுப்பு பாதியில் முடிந்தது என்று மாணவர்கள் பிறகு சொன்னார்கள்.

அவர் நேராக என் மேசைக்கு வந்தார். படத்தை என் முன்னால் வைத்து, லென்ஸைக் கையில் கொடுத்தார். நான் பார்த்தேன். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, ரயிலுக்கான அவசரத்தில் அந்தத் துண்டைச் செய்தித்தாளில் தலைகீழாகச் சுற்றியிருக்கிறேன். கடல் சூடானதாக நாங்கள் எழுதிய இடத்தில் அது உண்மையில் குளிர்ந்திருந்தது. நாங்கள் கொண்டாடிய அந்தக் குதிப்பு, ஒரு துண்டு தலைகீழாக இருந்ததால் வந்தது.

“சுத்தி வைக்கும்போது ஈரமா இருந்துதா சார்?” என்று கேட்டார்.

“ஞாபகம் இல்லையே மேடம்” என்றேன்.

என் கையிலிருந்து லென்ஸை வாங்கிக்கொண்டார். பிறகு, “சரி சார்” என்று படத்தை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தின் படியை எனக்குக் காட்டினார். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், மாதிரியின் திசையைச் சரிபார்க்கத் தவறியது எஸ்தராகிய என் பிழை, உடன் எழுதியவருக்கு இதில் பொறுப்பு இல்லை என்று இருந்தது. எனக்கு அடுத்த மாதம் பதவி உயர்வுக்கான நேர்காணல். எதற்கு மேடம் இப்படி என்று ஒப்புக்குக் கேட்டேன். “அறுத்தது நான்தானே சார். அறுக்கறவதான் பாத்துட்டு அறுக்கணும்” என்றார். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. கடிதத்தில் ஒரே ஒரு கமாவைத் திருத்திக் கொடுத்தேன்.

எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது. அவருக்கு அந்த ஆய்வுத் திட்டம் கிடைக்கவில்லை, அதற்குப் பிறகு எதுவுமே கிடைக்கவில்லை. ஆசிரியர் அறையில் சிலர் அவரைத் தலைகீழ் மேடம் என்றார்கள். நான் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. சொன்னவர்களைத் தடுத்ததும் இல்லை. எஸ்தர் என்னிடம் முன்பு எப்படி இருந்தாரோ அப்படியே இருந்தார். என் வீட்டு விசேஷங்களுக்கு வந்தார். ஏரி நிரம்பி அவர் தெருவில் தண்ணீர் ஏறிய மழையில் அவரும் தேவசகாயமும் எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஒரே ஒரு மாற்றம்தான். சனிக்கிழமைகளில் மாதிரிகள் வைத்திருக்கும் அறைக்குத் தனியாகப் போய், மதியம் வரை கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார். ஓய்வுபெற்ற பிறகும் அனுமதி வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். பழைய நினைவில் கற்களோடு உட்கார்ந்திருக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கும் வசதியாக இருந்தது.

உடம்பு முடியாமல் போனபின் ஒரே ஒருமுறை போய்ப் பார்த்தேன். கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டிருந்தார்கள். மிகவும் இளைத்திருந்தார். என் மகள் கல்லூரியில் என்ன படிக்கிறாள் என்று விசாரித்தார். கிளம்பும்போது, “ஒரு சனிக்கிழமை ஃப்ரீயா வாங்க சார். ஒரு வேலை பாக்கி இருக்கு, சேர்ந்து பாத்துடலாம்” என்றார். என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. ஏதோ ஒரு மூலையில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் நான்கு சனிக்கிழமைகள் நான்கு காரணம் சொன்னேன்.

இரங்கல் கூட்டம் முடிந்த மறுநாள் பீர்க்கன்கரணைக்குப் போனேன். தேவசகாயம் ஒரு நீள நோட்டையும் அவருடைய லென்ஸையும் கொண்டுவந்து கொடுத்தார். “உங்ககிட்ட குடுக்கச் சொன்னா சார். மிச்சத்த நீங்க வந்து எழுதுவீங்கன்னு சொன்னா. எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது” என்றார். அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். மனைவியின் கற்களைப் பற்றி என்றைக்கும் கேட்டதில்லை என்றும், கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது என்றும் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அங்கேயே நோட்டைப் பிரித்தேன். எங்கள் துறையில் இருக்கும் எல்லாப் பவளத் துண்டுகளும் அதில் வரிசையாக இருந்தன. ராமேசுவரத்துக்கு முன்னால் எடுத்தவை, பின்னால் எடுத்தவை எல்லாம். துண்டின் எண், எடுத்த இடம், குழாய்கள் எந்தப் பக்கம் விரிகின்றன, அம்பு சரியா, அம்பு போட்டவர் யார் என்று ஐந்து பத்திகள். பக்கம் பக்கமாக அவருடைய சிறிய கையெழுத்து. பதின்மூன்று ஆண்டுச் சனிக்கிழமைகள் எதில் போயின என்று அப்போது புரிந்தது. பிழையைத் தன்மேல் போட்டுக்கொண்டதால், வேறு யாரும் என் துண்டுகளைச் சந்தேகிக்கப் போவதில்லை. சந்தேகிக்க வேண்டிய வேலையையும் அவரே எடுத்துக்கொண்டிருக்கிறார். தான் அம்பு போட்ட துண்டுகளுக்கு எதிரில் எஸ்தர் என்று எழுதியிருந்தார். என் துண்டுகளுக்கு எதிரில் அந்தக் கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, ஒன்றுவிடாமல் காலியாக இருந்தது.

அவருக்குத் தெரியும். அன்றே தெரியும். என் பெயரை அவர் எழுதவில்லை. வேறு யார் பெயரையும் எழுதவும் இல்லை. அந்தக் கட்டத்தை நான்தான் நிரப்ப வேண்டும் என்று விட்டுவைத்திருந்தார்.

அந்தப் பத்திரிகைக்கு நான் எழுதிவிட்டேன். எஸ்தரின் பழைய கடிதத்தில் இருக்கும் ஒரு வாக்கியம் உண்மையல்ல என்றும், உண்மையான வாக்கியம் எது என்றும் எழுதியிருக்கிறேன். கல்லூரிக்கும் ஒரு படி கொடுத்திருக்கிறேன். இதற்கு என்ன விளைவு வந்தாலும் வரட்டும். அவரைத் தலைகீழ் மேடம் என்று சொன்னவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அந்தப் பெயரை இனி யாருக்காவது வைக்க வேண்டும் என்றால் எனக்கு வையுங்கள்.

அவருடையது என்று என்னிடம் இருப்பவை இரண்டு. ஒன்று, கைப்பிடி தேய்ந்துபோன அந்த லென்ஸ். இன்னொன்று நோட்டு. கடைசிப் பக்கத்தில் பார்க்கப்படாத துண்டுகள் பதினொன்று இருந்தன. போன சனிக்கிழமை காலை மாதிரி அறையைத் திறந்து உட்கார்ந்தேன். முதலில் காலிக் கட்டங்களில் என் பெயரை எழுதினேன். வரதராஜன், வரதராஜன் என்று கை வலிக்கும் வரை எழுத வேண்டியிருந்தது. பிறகு பதினொன்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, லென்ஸ் வைத்து, குழாய்கள் எந்தப் பக்கம் விரிகின்றன என்று அவர் பார்த்தபடியே பார்த்தேன். பத்து சரியாக இருந்தன. ஒன்று தலைகீழாக இருந்தது. அதிலிருந்த என் அம்பை அழித்துவிட்டு, கல் நன்றாகக் காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, மறுபக்கமாக அம்பு போட்டேன்.